சபையோடு சேர்ந்து பழகும் ஆவிக்குரிய ஒழுங்குகள்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

புதிதாக ஞானஸ்நானம் பெற்றவரும், நெடுநாள் விலகியிருந்து திரும்பி வந்தவரும் சபையில் முதலில் கேட்கும் அறிவுரை ஒன்றுதான்: தினமும் வேதம் வாசியுங்கள், தினமும் ஜெபியுங்கள். அறிவுரையில் குறையில்லை. ஆனால் எங்கிருந்து வாசிப்பது, என்ன சொல்லி ஜெபிப்பது, மனம் ஒட்டாத நாளில் என்ன செய்வது என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்ட ஆள் இருப்பதில்லை. புதியவர் வீட்டுக்குப் போய்த் தனியாகத் தொடங்குகிறார். இரண்டு வாரம் உற்சாகமாகப் போகிறது. பிறகு ஒரு நாள் விட்டுப்போகிறது, அடுத்து மூன்று நாள். அதன்பின் வேதாகமத்தைப் பார்த்தாலே குற்ற உணர்வு வருகிறது. தனக்குப் பக்தி போதாது என்று அவரே முடிவு கட்டிக்கொள்கிறார்.

அந்த முடிவை நான் ஏற்கமாட்டேன். இந்த ஒழுங்குகள் ஆரம்பம் முதலே சேர்ந்து கடைப்பிடிக்கப்பட்டவை. பெந்தெகொஸ்தே நாளில் சேர்ந்த ஏறக்குறைய மூவாயிரம் பேரைப் பற்றி அப்போஸ்தலர் 2:42 என்ன சொல்கிறது என்று பாருங்கள்: அப்போஸ்தலரின் உபதேசம், அந்நியோந்நியம், அப்பம் பிட்குதல், ஜெபம் ஆகிய நான்கிலும் அவர்கள் உறுதியாய்த் தரித்திருந்தார்கள். நான்கில் ஒன்றுகூடத் தனி ஆளின் சாதனையாகச் சொல்லப்படவில்லை. நான்காம் நூற்றாண்டில் பலர் துறவு பூண்டு தனியே வாழப் போனபோது, செசரியாவின் ஆயர் பேசில் அவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்: தனியாக வாழ்ந்தால் யாருடைய கால்களைக் கழுவுவாய்? அந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு கீழே வருவதைப் படியுங்கள்.

ஞாயிறு ஆராதனையிலிருந்து தொடங்குங்கள்

முதல் மாதத்தில் வேறு எந்தத் தீர்மானமும் வேண்டாம். ஞாயிறு ஆராதனைக்குத் தவறாமல் போவது மட்டும் போதும். பத்து நிமிடம் முன்னதாகப் போய் அமைதியாக உட்காருங்கள். முடிந்ததும் வாசலை நோக்கி விரையாமல் கொஞ்ச நேரம் நில்லுங்கள். ஏறக்குறைய ஒரே இடத்தில் உட்கார்ந்தால் சுற்றியிருப்பவர்களின் முகம் பழகும். நீங்கள் வராத வாரத்தில் யாராவது விசாரிப்பார்கள். அந்த விசாரிப்பு பெரிய காரியம்.

ஆராதனை முறையைக் கவனித்தால், நீங்கள் கற்க நினைக்கும் எல்லாம் அதற்குள்ளேயே இருப்பது தெரியும். பாவ அறிக்கை, வேத வாசிப்பு, துதி, மன்றாட்டு ஜெபம், காணிக்கை, திருவிருந்து என்று ஒன்று விடாமல் இருக்கும். வார நாட்களில் செய்யப்போவதெல்லாம் இவற்றைச் சிறிய அளவில் வீட்டுக்கு எடுத்துச் செல்வதுதான். எளிய வழி ஒன்று சொல்கிறேன். அடுத்த ஞாயிறு எந்த வேதபகுதி வாசிக்கப்படும் என்று போதகரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வாசிப்பு அட்டவணையைப் பின்பற்றும் சபைகளில் அது ஏற்கெனவே அச்சிட்டிருக்கும். அந்தப் பகுதியை அந்த வாரத்தில் இரண்டு மூன்று முறை வாசித்துவிட்டுப் போனால், பிரசங்கத்தைக் கேட்கும் விதமே மாறிவிடும்.

ஒருவரைக் கேளுங்கள்

இரண்டாவது மாதம், உங்களோடு சேர்ந்து பழக ஒருவரைத் தேடுங்கள். என் கருத்தில் இந்தக் கட்டுரையில் வேறு எதைத் தவிர்த்தாலும் இதைத் தவிர்க்கக் கூடாது.

அவர் போதகராக இருக்க வேண்டியதில்லை. மேடையில் அழகாக ஜெபிப்பவராகவும் இருக்க வேண்டியதில்லை. விசுவாசத்தில் சில ஆண்டுகள் நிலைத்தவராக, பிறர் விஷயத்தை வெளியே பேசாதவராக, தன் குறையை ஒப்புக்கொள்ளத் தெரிந்தவராக இருந்தால் போதும். பெண்கள் பெண்ணையும் ஆண்கள் ஆணையும் தேர்ந்துகொள்வது இருவருக்கும் நல்லது. மனம்விட்டுப் பேச அது உதவும், வீண் பேச்சுக்கும் இடமிருக்காது. அப்படி யாரையும் தெரியாவிட்டால் போதகரிடம் போய், "ஐயா, ஜெபிக்கக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறேன். யாரோடு உட்கார்ந்தால் நன்றாக இருக்கும்?" என்று கேளுங்கள். இப்படிக் கேட்டு வரும் புதியவரைப் பார்த்தால் எந்த நல்ல போதகருக்கும் மகிழ்ச்சிதான்.

ஆளைக் கண்டதும் காலத்தை வரையறுத்துக் கேளுங்கள். "அக்கா, ஆறு வாரம், வாரத்துக்கு அரை மணி நேரம் என்னோடு சேர்ந்து ஜெபிக்க முடியுமா?" என்று கேட்டால் அவருக்குச் சம்மதம் சொல்வது எளிது, மறுப்பதும் எளிது. எல்லை சொல்லாமல் "எனக்கு வழிகாட்டுங்கள்" என்றால் எவருக்கும் தயக்கம் வரும்.

தினமும் கால் மணி நேரம்

ஒரே ஆண்டில் முழு வேதாகமத்தையும் வாசித்து முடிக்கும் திட்டத்தோடு தொடங்காதீர்கள். வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள் இருக்கின்றன. அதாவது நாளுக்கு மூன்றுக்கும் மேல். ஆதியாகமமும் யாத்திராகமத்தின் முற்பகுதியும் கதைபோல் ஓடும். லேவியராகமத்தில் பலி முறைகள் வந்ததும் பலர் நின்றுவிடுகிறார்கள். அந்தத் திட்டம் நல்லதுதான், ஆனால் சில ஆண்டுகள் பழகியவர்களுக்கு.

மாற்கு சுவிசேஷத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பதினாறு அதிகாரம், நாளுக்குப் பாதி அதிகாரம் என்றால் ஒரு மாதத்தில் முடியும். உங்கள் துணையாளரும் அதே நாளில் அதே பகுதியை வாசிக்கட்டும். வாசித்ததும் ஒரே ஒரு வரியை ஒரு நோட்டில் எழுதுங்கள்: மனதைத் தொட்ட சொல், அல்லது புரியாத இடம். வாரச் சந்திப்பில் அந்த ஏழு வரிகளைப் பார்த்தாலே பேசுவதற்கு வேண்டியது கிடைத்துவிடும். புரியாத இடங்களை எழுத வெட்கப்படாதீர்கள். உவமைகளின் பொருளைச் சீஷர்களே தனியாகப் போய் இயேசுவிடம் கேட்டார்கள் என்று மாற்கு நான்காம் அதிகாரத்தில் வாசிக்கிறோம்.

ஜெபத்துக்கு வார்த்தை வராதவர்கள் கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சொல்லட்டும். ஆதிச்சபையின் ஒழுங்குகளைத் தொகுத்த திதக்கே என்னும் பழைய நூல், அந்த ஜெபத்தை நாளுக்கு மூன்று முறை சொல்லும்படி விசுவாசிகளுக்குக் கற்பிக்கிறது. மனப்பாடமாகச் சொன்னால் அது ஜெபமாகாது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வெறும் சப்தமாக உதடு ஓடினால்தான் வீண். ஒவ்வொரு விண்ணப்பத்திலும் நிறுத்தி, அன்றைய நாளின் ஒரு காரியத்தை அதோடு இணைத்துச் சொல்லிப் பாருங்கள். பத்து நிமிடம் போதாது.

அடுத்து சங்கீதங்கள். பெனடிக்ட் ஆறாம் நூற்றாண்டில் துறவியருக்கு எழுதிய ஒழுங்குப்படி, 150 சங்கீதங்களையும் ஒரே வாரத்தில் சேர்ந்து ஓதி முடிக்க வேண்டும். இங்கிலாந்துச் சபையின் பொது ஜெபநூல் அவற்றை முப்பது நாட்களுக்குக் காலையும் மாலையுமாகப் பிரித்து வைத்தது. நமக்கு நாளுக்கு ஒன்று போதும்; ஐந்து மாதத்தில் முழுவதும் வந்துவிடும். சந்தோஷமான நாளில் புலம்பல் சங்கீதம் வந்தால் தாண்டிப் போகாதீர்கள். உங்கள் சபையில் அன்றைக்கு அழுதுகொண்டிருக்கும் யாரோ ஒருவரை நினைத்து, அவர் சார்பாக அதைச் சொல்லுங்கள்.

சிறு குழுவில் ஒரு மணி நேரம்

துணையாளரோடு ஆறு வாரம் ஆனதும் ஒரு ஜெபக் குழுவிலோ வீட்டுக் கூட்டத்திலோ சேருங்கள். ஜான் வெஸ்லியின் மெதடிஸ்ட் இயக்கத்தில் இத்தகைய குழுக்கள் தோன்றிய கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 1742-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், கூடுமிடம் கட்டிய கடனை அடைக்க ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி கொடுப்பது என்று பேசினார்கள். ஏழைகளால் முடியாதே என்று ஒருவர் எதிர்த்தார். யோசனை சொன்னவரோ, மிக ஏழ்மையான பதினோரு பேரை என் பொறுப்பில் விடுங்கள், அவர்களால் முடியாததை நான் கொடுக்கிறேன் என்றார். அப்படிப் பன்னிரண்டு பேர் கொண்ட வகுப்புகள் உருவாயின. காசு வாங்க வீடு வீடாகப் போன தலைவர்கள், குடும்பச் சண்டையையும் குடிப்பழக்கத்தையும் சோர்ந்துபோன விசுவாசத்தையும் நேரில் கண்டார்கள். கடன் வசூல் ஆத்தும விசாரிப்பாக மாறியது. பிறகு வாரந்தோறும் ஓரிடத்தில் கூடி, ஒவ்வொருவரும் தன் ஆத்துமாவின் நிலையைச் சொல்வது வழக்கமாயிற்று.

ஒரு மணி நேரக் கூட்டத்தை இப்படி நடத்தலாம். வந்ததும் இரண்டு நிமிடம் பேச்சில்லாமல் அமர்ந்திருங்கள். பிறகு ஒருவர் ஒரு சிறு பகுதியைச் சத்தமாக, நிதானமாக வாசிக்கட்டும். 13-ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்வோம், ஆறே வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கும். வாசித்து முடித்ததும் ஒரு நிமிடம் அமைதி. வேறொருவர் அதே பகுதியை மீண்டும் வாசிப்பார். இம்முறை ஒவ்வொருவரும் தன்னை நிறுத்திய ஒரு சொல்லை மட்டும், விளக்கம் இல்லாமல் சொல்ல வேண்டும். ஒருவர் "எதுவரைக்கும்" என்பார். இன்னொருவர் "சஞ்சலம்" என்பார். ஒருவர் ஒன்றும் சொல்லாமல் தலையசைப்பார், வற்புறுத்தக் கூடாது. மூன்றாம் முறை வாசித்தபின் விரும்பியவர்கள் ஒன்றிரண்டு வாக்கியத்தில் அந்தச் சொல் தன்னிடம் ஏன் தங்கியது என்று பகிரலாம். ஒருவர் பேசியதற்கு மற்றவர் பதிலுரையோ பிரசங்கமோ செய்யக் கூடாது. இந்த விதியைத் தலைவர் கண்டிப்பாகக் காக்க வேண்டும். பேச்சு வல்லமை உள்ள ஒருவர் கூட்டத்தை எடுத்துக்கொண்டால் மற்றவர்கள் அடுத்த வாரம் வரமாட்டார்கள்.

கடைசி அரை மணி நேரம் ஜெபத்துக்கு. இங்கே புதியவர்கள் கற்க வேண்டியது, குறிப்பாகக் கேட்பது. "குடும்பத்துக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்றால் யாருக்கும் எதையும் பிடித்துக்கொள்ள முடியாது. "அண்ணனும் நானும் பேசி இரண்டு வருடமாகிறது. வெள்ளிக்கிழமை அவரைப் பார்க்கப் போகிறேன். கோபப்படாமல் பேச வேண்டும்" என்று சொன்னால், வெள்ளிக்கிழமை ஆறு பேர் அந்த நேரத்தில் உங்களை நினைப்பார்கள். அடுத்த வாரம் வந்ததும் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு நல்ல பதில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஜெபக் குறிப்புகளை ஒருவர் எழுதி வைத்து, மறுவாரம் முதலில் அவற்றை விசாரித்துவிட்டே புதியவற்றைக் கேளுங்கள். குழுவில் சொன்னது குழுவுக்குள்ளேயே இருக்க வேண்டும். ஜெபக் குறிப்பு என்ற பெயரில் பரவும் புறங்கூறுதல் சபைகளை உடைத்திருக்கிறது.

உபவாசம்

மத்தேயு 6-இல் இயேசு தர்மத்தையும் ஜெபத்தையும் உபவாசத்தையும் அடுத்தடுத்துப் பேசுகிறார், மூன்றையும் மனுஷர் காணச் செய்யாதே என்கிறார். அப்படியானால் சபையாகச் சேர்ந்து உபவாசிக்கலாமா என்று புதியவர்கள் கேட்பதுண்டு. தாராளமாக. அப்போஸ்தலர் 13-இல் அந்தியோகியா சபையார் சேர்ந்து உபவாசித்து ஜெபித்தே பர்னபாவையும் சவுலையும் அனுப்பினார்கள். இயேசு கண்டித்தது மெச்சப்படும் ஆசையை. ஆதிச்சபையில் புதனும் வெள்ளியும் உபவாச நாட்களாக இருந்தன. ஈஸ்டருக்கு முந்தைய உபவாசக் காலமான லெந்தின் நாற்பது நாட்களில் ஞாயிற்றுக்கிழமைகளைக் கணக்கிடுவதில்லை. அதனால்தான் லெந்து தொடங்கும் சாம்பல் புதன் ஈஸ்டருக்கு 46 நாள் முன்பு வருகிறது.

தொடக்கத்தில் ஒரே ஒரு வேளை உணவை விடுங்கள், தண்ணீர் குடியுங்கள். சபை உபவாச ஜெபம் வைக்கும் நாளையே தேர்ந்துகொண்டால் பசி எடுக்கும் நேரத்தில் உங்களோடு ஆட்கள் இருப்பார்கள். சாப்பிடும் நேரத்தை ஜெபத்துக்குக் கொடுங்கள்; அதை விட்டுவிட்டு வேலையில் மூழ்கினால் அது வெறும் பட்டினி. மிச்சமான உணவுச் செலவைத் தேவையுள்ள ஒருவருக்குக் கொடுத்துவிடுங்கள். பசியுள்ளவனுக்கு ஆகாரத்தைப் பகிர்ந்துகொடுப்பதே தமக்குப் பிரியமான உபவாசம் என்று ஏசாயா 58-இல் கர்த்தர் சொல்கிறார்.

நீரிழிவு உள்ளவர்கள், வேளை தவறாமல் மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், உணவுக்கோளாறு நோயால் அவதிப்பட்டவர்கள் உணவை விடக் கூடாது. மருத்துவரைக் கேட்காமல் எந்தச் சோதனையும் வேண்டாம். அவர்கள் தொலைக்காட்சியையோ கைப்பேசியையோ ஒரு நாள் விலக்கிவைத்து அந்த நேரத்தில் சபையோடு ஜெபிக்கலாம். அதைக் குறைந்த உபவாசம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

பாவ அறிக்கை

எல்லாவற்றிலும் கடினமானது இதுதான், அதனால் அவசரம் வேண்டாம். "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள்" என்கிறது யாக்கோபு 5:16. கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் சபைகளில் குருவிடம் அறிக்கையிடும் ஒழுங்கு இருக்கிறது. மற்றச் சபைகளில் ஆராதனையில் சொல்லும் பொது அறிக்கையோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. அன்றைய ஜெர்மனியில் ஃபிங்கன்வால்ட் என்ற இடத்தில் 1935 முதல் 1937-இல் அரசின் ரகசியக் காவல்துறை மூடும்வரை போதகர் பயிற்சிப் பள்ளி நடத்திய டீட்ரிக் போன்ஹோஃபர், லூத்தரன் மாணவர்களிடையே ஒருவருக்கொருவர் அறிக்கையிடும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். அது அவர்களுக்குப் பழக்கமில்லாதது. தனிமையில் மறைத்துவைத்த பாவம் மனிதனை இன்னும் தனிமைப்படுத்தும் என்று அவர் கண்டிருந்தார்.

குழுவின் நடுவில் இதைச் செய்யாதீர்கள். சோதித்து அறிந்த ஒருவர் போதும். திருவிருந்துக்கு முந்தைய வாரம் ஏற்ற சமயம். நடந்ததைச் சுருக்கமாக, சாக்குச் சொல்லாமல், அடுத்தவரைக் குறை கூறாமல் சொல்லுங்கள். "தங்கையிடம் பணம் வாங்கியதை அப்பாவிடம் மறைத்துப் பொய் சொன்னேன்" என்பது அறிக்கை. "நான் பெரிய பாவி" என்பது அறிக்கையில்லை. கேட்பவர் திடுக்கிடவும் கூடாது, துருவிக் கேட்கவும் கூடாது. 1 யோவான் 1:9-ஐ வாசித்து, மன்னிப்பு உண்டு என்று வாய்விட்டுச் சொல்லி, சேர்ந்து ஜெபித்தால் போதும். திருப்பிக் கொடுக்க வேண்டியது, மன்னிப்புக் கேட்க வேண்டியது ஏதாவது இருந்தால் அதை எப்போது செய்வீர்கள் என்று கேட்கலாம்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. குழந்தைக்கோ வேறு எவருக்கோ ஆபத்து இருக்கிறது, அல்லது சொல்பவரே தன் உயிரை மாய்த்துக்கொள்ள நினைக்கிறார் என்று தெரியவந்தால், அதை ரகசியமாக வைத்திருக்கக் கூடாது. துணையாளராக இருக்கச் சம்மதிக்கும்போதே இதைச் சொல்லிவிடுவது நேர்மை.

கொடுப்பதும் ஊழியமும்

இதற்கு அதிக விளக்கம் தேவையில்லை. வாரத்தின் முதல்நாளில் அவரவர் வரவுக்குத் தக்கதாக எடுத்துவைக்கும்படி பவுல் கொரிந்து சபைக்கு எழுதினார். தொகை எவ்வளவு என்று உங்கள் வருமானத்தையும் கடனையும் பார்த்து முடிவு செய்யுங்கள், பிறகு தவறாமல் கொடுங்கள். ஊழியத்தில், பெயர் அறிவிக்கப்படாத ஒரு வேலையைத் தேர்ந்துகொள்ளுங்கள்: நாற்காலி அடுக்குவது, ஆராதனைக்கு வர முடியாத முதியவரை வாரம் ஒருமுறை போய்ப் பார்ப்பது. அந்த முதியவரிடம் வேதத்தை வாசித்துக் காட்டுங்கள். அவருக்கு எத்தனை வசனம் மனப்பாடம் என்று கண்டு வியப்பீர்கள்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம்

நல்ல துணை உங்களைக் கிறிஸ்துவை நோக்கித் திருப்பும். கெட்ட துணை தன்னை நோக்கித் திருப்பும். உங்கள் கைப்பேசியின் கடவுச்சொல்லைக் கேட்பவர், உபவாசிக்காததால்தான் நோய் வந்தது என்பவர், நீங்கள் அறிக்கையிட்டதைப் பின்னொரு நாள் எடுத்துக்காட்டி மிரட்டுபவர், திருமணமும் வேலையும் தன் அனுமதியோடுதான் நடக்க வேண்டும் என்பவர், இவர்களிடம் பணிவு காட்ட வேண்டியதில்லை. விலகுங்கள். வேறொரு மூப்பரிடம் சொல்லுங்கள். சபையே அதை மூடிமறைத்தால் வேறு சபைக்குப் போங்கள். அது விசுவாசத் துரோகம் ஆகாது.

வறட்சி வரும்போது

சில மாதங்களில் ஜெபம் வறண்டுபோகும். எல்லாருக்கும் வரும் காலம் அது. அப்போது நேரத்தைக் கூட்டாதீர்கள், குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு சங்கீதமும் கர்த்தருடைய ஜெபமும் போதும். 88-ஆம் சங்கீதம் இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. அதுவும் வேதத்தில் ஜெபமாக இடம்பெற்றிருக்கிறது. தூக்கமின்மையும் நம்பிக்கையின்மையும் வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். அதை ஜெபக்குறைவு என்று எண்ணி மறைக்காதீர்கள்.

வறண்ட நாளிலும் ஆராதனைக்குப் போங்கள். பாட முடியாவிட்டால் மற்றவர்கள் பாடுவதைக் கேட்டுக்கொண்டிருங்கள். மாற்கு 2-இல் திமிர்வாதக்காரனை நான்கு பேர் சுமந்து வந்து கூரையைப் பிரித்து இறக்கினார்கள். இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" மன்னிப்பை அறிவித்தார் என்று எழுதியிருக்கிறது. படுத்திருந்தவனின் விசுவாசம் எவ்வளவு என்று அங்கே யாரும் அளக்கவில்லை. துணையாளரிடம், "இந்த மாதம் என்னால் ஜெபிக்க முடியவில்லை, எனக்காக நீங்கள் ஜெபியுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். வாரச் சந்திப்பை மட்டும் ரத்து செய்யாதீர்கள். வாசித்து வர முடியாத வாரத்தில் வெறும் நோட்டோடு போய் உட்காருங்கள், அவர் வாசிக்கட்டும்.